ஒரு சோலியும் இல்லீங்க

ஆண் வேலையில்லாமல் அலைந்தால் கொங்குநாட்டில் அவனுக்கு ‘ஊர்சுத்தி’ என்று பேர். திட்டுதான், ஆனால் அதில் பாதி செல்லம். ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடுவான் என்று பெற்றவளே சிரித்துக்கொண்டு சொல்லும் திட்டு. அதையே ஒரு பெண் செய்தால் அவள் ‘ஊர் மேயறா’. இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சுற்றுகிறவன் மனிதன். மேய்வது மாடு. மாட்டுக்கு உடைமைக்காரன் உண்டு, கயிறு உண்டு, பொழுது சாய்ந்தால் அடைக்கப் பட்டி உண்டு. அடுத்தவன் காட்டில் வாய் வைத்தால் அடித்து ஓட்டலாம். ஒரு வினைச்சொல்லுக்குள் இவ்வளவையும் பொதிந்து வைத்திருக்கிறார்கள் நம் பெரியவர்கள். படுக்கையைப் பற்றிய வசவும் அதற்குள்ளேயே இருக்கிறது, தனியாகச் சொல்லத் தேவையில்லை.

இந்த வசவு எப்போது வருகிறது என்று கவனியுங்கள். வீட்டை விட்டு வெளியே போனதற்காக அது வருவதில்லை. பெண் வெளியே போகாவிட்டால் இந்த வட்டாரத்தில் எதுவுமே நடக்காது. விடியுமுன் பால் சொசைட்டிக்குப் போகிறவள் அவள். மஞ்சள் காட்டில் களை எடுக்கிறவள் அவள். திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜை முன்பும், பல்லடம், சூலூர்ப் பக்கத்து நூல் மில்களிலும் நாள் முழுக்க நிற்கிறவள் அவள். ‘எங்க பொம்பளைங்க உழைப்பாளிங்க’ என்று பெருமை பேசாத கொங்குத் தலைவரை நான் இன்னும் பார்க்கவில்லை. வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர் கேட்பதெல்லாம் இரண்டு கேள்விதான். “எங்க அம்மிணி போற? என்ன சோலியா?” இரண்டாவது கேள்விக்குப் பதில் இருந்தால் முதல் கேள்வியை அவரே மறந்துவிடுவார். ரேஷன், ஆஸ்பத்திரி, சீர், எழவு, கோயில், மில். இவற்றில் எதைச் சொன்னாலும் “செரி, பாத்துப் போ” கிடைக்கும். “ஒரு சோலியும் இல்லீங்க, சும்மாதான்” என்று சொல்லிப் பாருங்கள். அன்று சாயங்காலத்துக்குள் உங்கள் வீட்டுக்குப் பேச்சு வந்து சேர்ந்துவிடும்.

ஆக, வாசற்படி தாண்டுவதற்கு இங்கே தடையில்லை. கூலி கொண்டுவருகிற கால், சீர் சுமக்கிற கால், எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். சும்மா நடக்கிற காலுக்குத்தான் கயிறு.

இரவு நேரத்தை எடுத்துக்கொள்வோம். தொழிற்சாலைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு, இரவு 7 மணியிலிருந்து காலை 6 மணிவரை பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த விதியை அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று நீக்கியது. போக்குவரத்து, பாதுகாப்பு எல்லாம் தர வேண்டும் என்று நிபந்தனைகளும் போட்டது. வேலை உரிமை என்ற அளவில் சரியான தீர்ப்பு. ஆனால் அதற்குப் பின்னால் நடந்ததைப் பாருங்கள். இரவு 2 மணிக்கு ரிங் ஃபிரேம் முன்னால் நிற்கிற பெண்ணால் எந்தக் குடும்பத்தின் மானமும் போவதில்லை. அவளை ஏற்றிக்கொண்டு வரும் மில் வண்டி நள்ளிரவில் எத்தனை ஊர்களைத் தாண்டினாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. அதே பெண் இரவு 9 மணிக்குக் குளக்கரை பெஞ்சில் தனியாக உட்கார்ந்து சுண்டல் தின்றால் மானம் போய்விடும். அப்படியானால் இருட்டு ஆபத்தானதா, சுண்டல் ஆபத்தானதா?

இதைப் பேச மே மாதத்தைவிடப் பொருத்தமான மாதம் இல்லை. பள்ளிக்கு லீவு, கல்லூரிக்கு லீவு, உயர் நீதிமன்றத்துக்குக்கூட லீவு. வீடு நிறைய ஆள். ஆள் நிறைந்தால் அடுப்பு அணையாது.

ஒவ்வொரு கோடையிலும் பத்திரிகைகளில் ஒருவகைக் கட்டுரை வரும். அம்முச்சி ஊட்டுக்குப் போன கோடை. நுங்கு, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்ட மாங்காய், மோர் ஊற்றிய கம்மங்கூழ், தேங்காய்ப்பால் ஊற்றிய சந்தகை, வாசலில் கயிற்றுக்கட்டில், அதில் மல்லாந்து பார்த்த நட்சத்திரம். பெரும்பாலும் ஆண்கள் எழுதுவார்கள். எனக்கும் அவை பிடிக்கும், ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் அந்தக் கட்டுரைகளின் இலக்கணத்தைக் கவனித்திருக்கிறீர்களா? நுங்கு ‘வரும்’. கூழ் ‘இருக்கும்’. சந்தகை ‘கிடைக்கும்’. எழுவாய் இல்லாத வாக்கியங்கள். சந்தகை தானாகக் கிடைக்காது. அரிசியை ஊறவைத்து, ஆட்டி, இட்லியாக வேகவைத்து, ஆவி அடங்குவதற்குள் அச்சில் போட்டுப் பிழிய வேண்டும். ஆறினால் பிழிய வராது. அதனால் பிழிகிறவள் சூட்டோடுதான் பிழிவாள். பத்துப் பேர் வீட்டில் பிழிந்து முடிக்கும்போது தோள்பட்டை கழன்றுவிடும். அவள் சாப்பிட உட்காரும்போது தேங்காய்ப்பால் அடிமண்டியாக இருக்கும். நட்சத்திரம் பார்த்த பேரன் அதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கட்டுரை வேறு மாதிரி வந்திருக்கும்.

கிணற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக் கிணறுகள் பெரியவை, பாறையை உடைத்து இறக்கியவை. கோடை விடுமுறை என்றால் அந்தக் கிணறுதான். இடுப்பில் சுரைப்புருடையோ லாரி டியூபோ கட்டி இறக்கிவிடுவார்கள். ஒரு வாரத்தில் நீச்சல் வந்துவிடும். பெண்பிள்ளைகளும்தான் கற்றார்கள். மேட்டிலிருந்து குதிப்பதில் பையன்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை. பிறகு ஒரு கோடையில் அவள் பெரியவளாகிறாள். தென்னங்கீற்றுக் குடிசை, சீர், பட்டுப்பாவாடை எல்லாம் முடிந்த அடுத்த மே மாதம் தம்பியின் துண்டையும் சட்டையையும் வைத்துக்கொண்டு கிணற்று மேட்டில் உட்கார்ந்திருப்பாள். நீச்சலே தெரியாதவர்களைப் பற்றிப் பேசவில்லை. நீந்தத் தெரிந்து, நாற்பது வருடமாக நீந்தாமலே இருக்கும் பெண்களைப் பற்றிப் பேசுகிறேன். ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். கடைசியாகத் தண்ணீரில் இறங்கியது எப்போது என்று கேட்டால் வருடத்தைச் சரியாகச் சொல்வார். அதற்குப் பின் ஒரு பையன் மாதிரி குதித்துக் காட்டுவேன் என்றும் சொல்வார். அவரைக் குதிக்க விடமாட்டோம் என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

கோடையின் இன்பங்கள் எல்லாம் ஆணுக்கே போய்விட்டன என்றும் நான் சொல்லவில்லை. பெண்கள் வேலைக்குள்ளேயே களவாக இன்பத்தைச் சேர்த்துவைத்திருக்கிறார்கள். வடகம் போடும் நாளை நினைத்துப் பாருங்கள். முதல் நாளே அரிசியை ஊறவைத்து ஆட்டி வைத்து, விடிகாலை நாலு மணிக்கு அண்டாவில் கூழ் கிண்டி, பச்சை மிளகாயும் சீரகமும் பெருங்காயமும் போட்டு, மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய், நனைத்த பழைய வேட்டியில் வெயில் ஏறுமுன் ஊற்றி முடிக்க வேண்டும். கடினமான வேலை. ஆனால் அந்த நேரத்து மாடி அவர்களுடையது. ஆண்கள் தூங்குகிறார்கள். அக்கம்பக்கத்து அக்காக்கள் இருவர் ஒத்தாசைக்கு வந்திருக்கிறார்கள். மேற்கே மலைமேல் இருட்டு கரைகிறது. பேச்சுக்குக் காது வைக்க யாருமில்லை. மத்தியானம் காக்காய் விரட்டுகிற சாக்கில் அரைக்காய்ச்சல் வடகத்தைப் பிய்த்துத் தின்கிறார்கள். பொரித்த வடகத்தில் அந்த ருசி ஒருநாளும் வராது. வடகம் நன்றாகக் காய்ந்துவிட்டதா என்பது பற்றி எனக்குக் கவலையில்லை, அந்த மாடியைப் பற்றித்தான் கவலை. கூழ் அண்டா இல்லாமல் அவர்களில் ஒருத்தியாவது அந்த மாடிக்கு நாலு மணிக்கு ஏற முடியுமா? வெறும் காற்றுக்காக? வைகாசி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஒரு காற்று வருமே, அதற்காக?

அரசாங்கமே கணக்கெடுத்துவைத்திருக்கிறது. 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது சராசரி 289 நிமிடம். ஈடுபடும் ஆண் செலவிடுவது 88 நிமிடம். 2019 கணக்கெடுப்பில் இது 299, 97 என்று இருந்தது. ஐந்து வருடத்தில் பெண்ணுக்குப் 10 நிமிடம் குறைந்ததே என்று மகிழலாம். மிக்சியும் வாஷிங் மெஷினும் குறைத்திருக்கும். ஆணுக்கும் 9 நிமிடம் குறைந்திருக்கிறது, அதற்கு எந்த மெஷினைக் காரணம் சொல்வது என்று தெரியவில்லை.

இனி நகரத்துக்குப் போவோம். கோபி, தாராபுரம், காங்கயம், உடுமலை, அவிநாசி எல்லாவற்றுக்கும் ‘டவுன்’ என்றால் கோயமுத்தூர். நம் அம்மாக்கள் பார்த்த கோயமுத்தூர் எது? ஒரு ஆஸ்பத்திரி வராந்தா. ஒப்பணக்கார வீதியில் கல்யாணச் சேலை எடுத்த ஒரு ஜவுளிக்கடை. மகனைச் சேர்த்த காலேஜின் ஆபீஸ் வாசல். சொந்தக்காரர் கல்யாணம் நடந்த மண்டபம். நாலு இடத்திலும் கையில் ஒரு பை இருந்தது. நாற்பது வருடமாக இந்த நகரத்துக்கு வந்துபோகிறவர்களுக்கு நகரத்தில் ஒரு இடமும் தெரியாது, வார்டு எண் மட்டும் தெரியும். 

குடும்பத்தோடு சுற்றுலா போகிறோமே என்பீர்கள். போகிறோம். போகிற நாள் அதிகாலை மூன்று மணிக்குப் புளிசோறும் தயிர்சோறும் கட்டுவது யார்? கோவைக் குற்றாலத்தில் எல்லோரும் அருவியில் நிற்கும்போது பாறையில் உட்கார்ந்து பர்ஸ், செல்போன், கண்ணாடி, ஈரத்துணி எல்லாவற்றுக்கும் காவல் இருப்பது யார்? சுற்றுலாவில் பெண்ணின் பதவி பையைப் பார்த்துக்கொள்கிறவள். ஆல்பத்தைப் புரட்டுங்கள், அவள் இருக்கும் படங்களில் அவள் தோளில் இரண்டு பைகள் இருக்கும்.

இந்த நகரம் பார்க்கத் தகுந்தது. கவுலி பிரவுன் சாலையில் 1902இல் திறந்த காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது. மரவகைகளும் பாடம் செய்த விலங்குகளுமாக, உள்ளே நுழைந்தால் வெயில் மறந்துபோகும். அவிநாசி சாலையில் பழைய கார்களுக்கென்றே ஜி.டி. கார் மியூசியம். காந்திபுரத்தில் மத்தியச் சிறை நிலத்தில் 45 ஏக்கரில் செம்மொழிப் பூங்கா, 2025 நவம்பரில் திறந்தார்கள். 2016இல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் கோவை சேர்ந்தபின் உக்கடம் பெரியகுளத்துக்கும் வாலாங்குளத்துக்கும் நடைபாதையும் விளக்கும் வந்தன. பேரூரும் மருதமலையும் எப்போதும் உண்டு. வ.உ.சி. பூங்காவின் விலங்குக் காட்சிசாலை மட்டும் 2022இல் அங்கீகாரம் இழந்துவிட்டது. 

ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் காலையிலும் மாலையிலும் பெண்கள் நிறைய இருக்கிறார்களே என்று நண்பர்கள் காட்டுவார்கள். உண்மைதான். நின்று விசாரியுங்கள். “டாக்டர் நடக்கச் சொல்லிட்டாருங்க.” சர்க்கரை நோய் வந்தபிறகுதான் நடக்க அனுமதி கிடைத்திருக்கிறது. கொங்குநாட்டில் பெண்களைத் தெருவுக்குக் கொண்டுவந்ததில் பெண்ணியத்தைவிடச் சர்க்கரைக்குப் பங்கு அதிகம் என்று தோன்றுகிறது. நடக்கிறவர்கள் வேகமாக நடக்கிறார்கள், நடப்பதும் சோலி என்று காட்டுவதற்காக. பெஞ்சில் சாய்ந்து காலை நீட்டி மரத்தைப் பார்க்கிற பெண்ணைத் தேடினால்தான் தெரியும் எத்தனை பேர் என்று.

மும்பையைப் பற்றி ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011இல் எழுதிய ‘வொய் லாய்ட்டர்?’ என்ற புத்தகம் இதைத்தான் பேசுகிறது: பெண் பொது இடத்தில் இருப்பதற்கு எப்போதும் ஒரு காரணத்தைக் கையில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது, காரணமில்லாமல் திரிவதை உரிமையாகக் கேட்க வேண்டும் என்று. மும்பைக்கு அது சரி. கொங்குநாட்டுக்கு வரும்போது அதனுடன் இரண்டு விஷயங்களைச் சேர்க்க வேண்டும், சாமியையும் சாதியையும்.

கோவையின் பெரிய கோடைப் பயணம் எது என்று கல்லூரிப் பையன்களைக் கேளுங்கள். வெள்ளியங்கிரி என்பார்கள். பிப்ரவரியிலிருந்து மே வரை பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கிக்கொண்டு இரவெல்லாம் ஏழு மலை ஏறி, உச்சியில் சூரிய உதயம் பார்த்துவிட்டு இறங்குவார்கள். பக்தியில் போகிறவர்களும் உண்டு, படமெடுக்கப் போகிறவர்களும் உண்டு. சாமி இருவரையும் கேள்வி கேட்பதில்லை. மாதவிலக்கு வயதுப் பெண்களை மட்டும் மரபின் பேரில் நிறுத்திவிடுகிறார்கள். மலை செங்குத்து, உடம்பு தாங்காது என்ற காரணமும் சொல்வார்கள். அந்த மலைகளின் அடிவாரத்தில் விறகு சுமந்த பெண்களின் உடம்பு தாங்கியதே? குளிரும் நட்சத்திரமும் உள்ள ஓர் இரவை ஊரில் பாதிப் பேருக்கு இல்லை என்று சொல்ல இவ்வளவு வேதாந்தம் தேவைப்படுகிறது.

சாதி இன்னும் நெருக்கமாக நிற்கிறது. 2015 ஜூன் 23 அன்று, பொறியியல் முடித்த கோகுல்ராஜ் என்ற தலித் இளைஞர் தன்னுடன் படித்த ஒரு பெண்ணோடு திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயில் மலையில் பேசிக்கொண்டிருந்தார். பெண் கவுண்டர் சமூகம். சாதிச் சங்கத் தலைவர் ஒருவரும் அவர் ஆட்களும் அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டு இளைஞரைக் கடத்திக்கொண்டு போனார்கள். மறுநாள் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். 2022 மார்ச்சில் ஆயுள் தண்டனை விதித்தார்கள், 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. பாதி உடம்பைப் பெண்ணுக்குக் கொடுத்த சாமியின் வாசலில் ஒரு பெண் தன் நண்பனோடு அரைமணி நேரம் பேச முடியவில்லை. அடுத்த ஆண்டு மார்ச் 13, ஒரு ஞாயிற்றுக்கிழமை. சங்கரும் கௌசல்யாவும் உடுமலைப்பேட்டையில் துணி எடுக்கப் போனார்கள். பட்டப்பகலில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அவர்களை வெட்டினார்கள். சங்கர் இறந்தார்.

கோயில் பார்ப்பது, கடைவீதிக்குப் போவது. இரண்டுமே விடுமுறை நாளின் மிகச் சாதாரணமான இன்பங்கள். பெண் சும்மா வெளியே போனால் என்ன ஆகிவிடும் என்று இந்தச் சமூகம் பயப்படுகிறது என்பதற்கு இவற்றைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை. வேலைக்குப் போகிற பெண் யாரோடு நிற்பாள் என்பதை மேஸ்திரியும் ஷிப்டும் தீர்மானிக்கும். சும்மா போகிற பெண் யாரோடு நிற்பாள் என்பதை அவளே தீர்மானிப்பாள். அங்கே சொத்தும் சாதியும் ஆட்டம் காண்கின்றன. “என்ன சோலியா?” என்று பெரியவர் கேட்பது ஊர்க்காவல்.

பாதுகாப்பு என்று உடனே சொல்வார்கள். பொள்ளாச்சி என்பார்கள். 2019இல் பொள்ளாச்சிக் கொடுமை வெளியே வந்தபோது இந்த வட்டாரத்து வீடுகள் என்ன செய்தன? பெண்பிள்ளைகளின் செல்போனை வாங்கி வைத்தன. டியூஷனை நிறுத்தின. மகன்களின் செல்போனை எத்தனை வீடு வாங்கிப் பார்த்தது? ஆறு வருடம் கழித்து, 2025 மே 13 அன்று, கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு வந்ததற்குக் காரணம் நீதிமன்றத்துக்கு வந்து சாட்சி சொன்ன பெண்கள், வீட்டில் பூட்டி வைத்த அப்பாக்கள் அல்ல. அதே ஆண்டு நவம்பரில் கோவை விமான நிலையத்துக்குப் பின்புறம் ஒரு கல்லூரி மாணவிக்குக் கொடுமை நடந்தபோதும், “அந்நேரத்துக்கு அங்க என்ன சோலி?” என்றுதான் கேட்டார்கள். பாருங்கள், அதே சொல். கத்தியோடு திரிந்த மூன்று பேருக்கு அந்நேரத்தில் அங்கே என்ன சோலி என்று கேட்டவர்கள் குறைவு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளை வருடாவருடம் பார்த்தால், பாலியல் வல்லுறவு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் தெரிந்தவர்தான்: உறவு, அக்கம்பக்கம், பழக்கம். பாதுகாப்புக்காக ஓர் இடத்தைத் தவிர்க்கச் சொல்வதென்றால் முதலில் வீட்டையும் தெருவையும்தான் தவிர்க்கச் சொல்ல வேண்டும்.

மில் விடுதிகளில் இந்தப் பாதுகாப்பு ஒரு தொழிலாகவே நடந்தது. சுமங்கலித் திட்டம் என்ற பேரில், தென்மாவட்டங்களிலிருந்து பத்தாவதும் பன்னிரண்டாவதும் எழுதிய பெண்களைத் தரகர்கள் கூட்டி வந்தார்கள். மூன்று வருட முடிவில் கல்யாணத்துக்கு ஒரு தொகை என்று ஆசை காட்டினார்கள். நெதர்லாந்தின் சோமோ, ஐசிஎன் அமைப்புகள் 2011இல் வெளியிட்ட அறிக்கை அந்த விடுதிகளின் பூட்டிய கதவுகளை உலகத்துக்குச் சொன்னது. வெளியே விடாததற்குச் சொன்ன காரணமும் பாதுகாப்புதான். கோவையின் நூலை மூன்று வருடம் நூற்ற பெண், கோவையை மில் பஸ் ஜன்னலில் பார்த்துவிட்டு ஊர் திரும்பினாள்.

2021 மே 8ஆம் தேதி தமிழ்நாட்டின் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாமல் போனது. எனக்குத் தெரிந்து, நம் ஊரில் ‘சும்மா’வுக்குக் கிடைத்த முதல் அரசாங்க அனுமதி அதுதான், அரசாங்கம் அப்படி நினைத்திருக்காவிட்டாலும். அரசு மேடைகளில் சொல்லும் கணக்கு வேறு: ஒரு பெண்ணுக்கு மாதம் 888 ரூபாய் மிச்சம், அது குடும்பச் செலவுக்கு ஆகிறது. அதாவது சிறுவாட்டுக் கணக்கு. பெண் போனதால் அவளுக்கு என்ன கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை, அவள் போனதால் குடும்பத்துக்கு என்ன மிஞ்சியது என்று கேட்டார்கள். 2022இல் அமைச்சராக இருந்த பொன்முடி ‘ஓசி’ என்று ஒரே சொல்லில் கொட்டிவிட்டார். எதிர்ப்பு எழுந்தபிறகு வருத்தம் தெரிவித்தார். ஓசி என்று குத்திக்காட்டியதும் மானஸ்தர்கள் டிக்கெட் வாங்கிக் காட்டினார்கள். நாள் முழுக்கக் கூலியில்லாமல் உழைக்கிறவளைப் பார்த்து ஓசி என்றால், வெட்கப்பட வேண்டியவள் அவளல்ல. அந்த பஸ்ஸில் ஒரு நல்ல விஷயம் உண்டு: கண்டக்டர் எங்கே என்று மட்டும் கேட்பார், எதற்கு என்று கேட்கமாட்டார்.

இடதுசாரித் தோழர்களில் சிலருக்கு இதெல்லாம் நடுத்தர வர்க்கப் பொழுதுபோக்காகத் தெரியும். கூலிப் பிரச்சினை இருக்கும்போது பூங்காவைப் பற்றிப் பேசுகிறாயே என்பார்கள். தோழர்களே, நீங்கள் கொடி ஏற்றும் மே தினமே ஓய்வு கேட்ட நாள்தானே? எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, எட்டு மணி நேரம் நமக்கு என்பதுதானே அதன் கணக்கு? 1923இல் சிங்காரவேலர் சென்னையில் கொடியேற்றியதிலிருந்து அந்த மூன்றாவது எட்டைப் பற்றிப் பேசுகிறோம். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் சட்டத்திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, மே தினத்தன்று அரசு அதைத் திரும்பப் பெற்றது. நல்ல போராட்டம். அந்தப் போராட்டம் முடிந்து வீட்டுக்கு வந்த தோழருக்குச் சோறு போட்டவளின் வேலை நேரம் எத்தனை? பஞ்சாலையிலும் பனியன் கம்பெனியிலும் நிற்கிற பெண்ணுக்கு, ஆதிக்கச் சாதியார் காட்டில் குனிந்து நிற்கிற தலித் பெண்ணுக்குத்தான் இந்த ‘சும்மா’ எல்லோரையும்விட அதிகம் பாக்கி இருக்கிறது. கார் வைத்திருக்கிறவளுக்கு ஊட்டி இருக்கிறது. மற்றவளுக்கு டவுன் பஸ்ஸும் குளக்கரையும்தான்.

போராடப் போவதை இந்த மண் மதித்திருக்கிறது. 1921இல் நாகம்மையும் கண்ணம்மாளும் ஈரோட்டில் கள்ளுக்கடைகளின் முன்னால் மறியலில் நின்றார்கள், இன்றுவரை பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் போராட்டமும் ஒரு சோலிதான். ஊருக்காகத் தெருவில் நிற்கிறவளுக்குச் சிலை வைப்போம். தனக்காகத் தெருவில் நிற்கிறவளுக்கு நிற்க இடம்கூட இல்லை.

இடம் என்று நான் சொல்வது உவமை இல்லை. மாநகராட்சியிடம் கேட்க வேண்டிய இடம். குளக்கரைகளில் இரவு 10 மணிவரை திறந்திருக்கும், தண்ணீர் வரும், தாழ்ப்பாள் உள்ள பெண்கள் கழிப்பறை. பேருந்து நிறுத்தத்திலிருந்து பூங்கா வாசல்வரை எரிகிற விளக்கு. இரவில் காந்திபுரத்திலிருந்து புறநகர்களுக்குத் திரும்பிவர ஒரு சாதாரணக் கட்டண பஸ். கிராமத்துக் கிணற்றையோ ஊராட்சித் தொட்டியையோ வாரத்தில் இரண்டு நாள் பெண்கள் நீந்துவதற்கு. ஸ்மார்ட் சிட்டி செய்தவர்களுக்கு இது பெரிய காரியமில்லை.

வீட்டில் கேட்க வேண்டியதை நாமேதான் கேட்க வேண்டும். கேட்கும்போது பொய்க் காரணம் வேண்டாம். கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு அருங்காட்சியகம் போவதில் ஒரு குறும்பு இருக்கிறது, நானும் ரசிப்பேன், ஆனால் அது பட்டியின் கதவைத் திருடித் திறப்பதுதான். சாயங்காலம் திரும்பியதும் சாத்திவிடுவார்கள். மகளிர் குழுவில் பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேரும் சேர்ந்து, லோன் கட்டுவதற்கில்லாமல், சும்மா ஒருநாள் உக்கடம் பஸ் ஏறுங்கள். கல்லூரி மாணவிகள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். கையில் பை வேண்டாம், அதில் புளிசோறும் வேண்டாம். குளக்கரையில் சுண்டல் விற்பார்கள். வீட்டில் இருக்கிறவர்களுக்கு அரிசிம்பருப்புச் சோறு வைக்கத் தெரியாது என்றால், அரிசி எந்த டப்பா, பருப்பு எந்த டப்பா என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். கறி எடுத்துவந்து நீட்டிவிடுவார்கள். செவ்வாய், புதன் பாருங்கள், குளக்கரையில் கூட்டமும் இருக்காது.